காலி எடை

எடைமேடைக்காரனை ஏமாற்றும் லாரி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று லாரிக்காரர்களே சொல்வார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடை. அதன்மேல் வண்டி ஏறி நின்றதும், கண்ணாடி அறைக்குள் இருக்கும் அவன் முதலில் எண்களைப் பார்ப்பதில்லை. டயரைப் பார்ப்பான். டயர் பிதுங்கும் விதத்தை வைத்தே எடையை வாய்க்குள் சொல்லிக்கொள்வான். அப்புறம் எண்களைப் பார்த்து, தான் சொன்னது சரிதான் என்று தலையாட்டிக்கொள்வான்.

மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் சரக்கின் எடை. உலகத்தில் இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. இதைவிட அதிகமாகத் திருட்டு நடக்கிற கணக்கும் கிடையாது.

திருட்டெல்லாம் காலி எடையில்தான். "அண்ணே, போன வருசம் எடுத்த சீட்டு இருக்கு, அதையே போட்டுக்குங்க" என்று எவனாவது கசங்கிய தாளை நீட்டுவான். எடைமேடைக்காரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"போன வருசம் வண்டி இப்படியா இருந்துச்சு? பக்கத்துக்குப் பக்கம் இரும்புத் தகடு அடிச்சிருக்க. அடியில ரெண்டு டயர் கூடுதலாத் தொங்குது. அதெல்லாம் காத்துல மெதக்குதா? போய் இறக்கிட்டு, வெறும் வண்டியா ஏறு."

'பழைய காலி எடை செல்லாது' என்று தன் கையாலேயே பெரிதாக எழுதி, அறையின் கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தான். அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் ஏழு வருடமாகச் சாப்பிட்டு, டீ குடித்து, பெல்ட்டை ஒவ்வோர் ஓட்டையாகத் தளர்த்திக்கொண்டு வந்தான். ஓட்டைகள் தீர்ந்த பிறகு ஆணியால் குத்திப் புதிதாக ஒன்று போட்டான். கேட்டால், தோல் பெல்ட் வெயிலில் சுருங்கும் என்பான்.

அவன் மனைவி பேருந்து ஓட்டுநர். ஆறு வருடமாக நகரத்துக்குள்ளேயே, நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தவள். தொலைதூர வண்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கொடுத்து, கொடுத்து, கடைசியில் வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமையிலிருந்து. காலையில் போனால் மறுநாள் மாலைதான் வீடு. அதுவரை இரண்டரை வயது மகளை யார் பார்ப்பது?

"நான் பாத்துக்கறேன். என் லீவு நாளை உன் வண்டிக்குத் தக்க மாத்திக்கறேன்" என்றான் அவன்.

"நீங்களா?" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ பழைய சம்பவங்கள் இருந்தன. குழந்தையின் சட்டையைக் கால்வழியாகப் போட முயன்றது, கடைக்குக் கூட்டிப்போய்விட்டுக் காய்கறியோடு மட்டும் திரும்பிவந்தது. கடைசிச் சம்பவத்தில், குழந்தை கடைக்காரர் மடியில் சமத்தாக உட்கார்ந்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

ஆகவே வியாழக்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகப் பார்த்துக்கொள்வது, அது ஒழுங்காக நடந்தால் திங்கட்கிழமை அவள் தொலைதூர வண்டியைத் தொடுவது, நடக்காவிட்டால் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது என்று பேசி முடிவானது. வேண்டாம் என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் மறுபடி வாய்ப்பு வர இன்னோர் ஆறு வருடம் ஆகும். இது இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை ராத்திரியே பட்டாணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குழந்தைக்கு வீட்டில் அதுதான் பெயர். உருண்டையாக, கையில் பிடித்தால் நழுவி ஓடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"நான் லீவு போட்டுடறேன்" என்றாள் மனைவி விடியற்காலையில்.

"நீ கிளம்பு. நாப்பது டன் லாரிய ஒத்த ஆளாச் சமாளிக்கிறவனுக்கு ஒரு பட்டாணியச் சமாளிக்கத் தெரியாதா?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு பேருந்து ஓட்டுகிற மாதிரியே, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, ஆள் ஏறிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"அஞ்சரை மணிக்கு அஞ்சு மில்லி பாராசிட்டமால் குடுத்திருக்கேன். கேட்டுச்சா? நாலு மணி நேரம் ஆகாம மறுபடி குடுக்கக் கூடாது. அப்புறமும் முடியாமச் சிணுங்கினா மட்டும் இன்னொரு அஞ்சு. வெளையாடிட்டிருந்தா வேணாம். தூங்கினா மருந்து குடுக்கறேன்னு எழுப்பாதீங்க. பெட்டியோட வந்த சிரிஞ்சுல அளந்து குடுங்க, சமையல்கட்டு ஸ்பூன் கூடாது. வண்டி ஓட்டறப்போ என் போன் பையில இருக்கும். அவசரம்னா டெப்போவுக்கு அடிங்க."

"எல்லாம் ஏறியாச்சு, விசில் குடு" என்றான் அவன். அவள் சிரிக்காமல் போனாள்.

ஒன்பதரை மணிக்குப் பட்டாணி சிணுங்க ஆரம்பித்தாள். நெற்றி கொதித்தது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் நூற்றிரண்டு. அவன் மருந்துப் பெட்டியை எடுத்தான். அவனுக்கு ஒரு குணம் உண்டு. அச்சடித்த தாள் எது கையில் கிடைத்தாலும் கடைசி எழுத்துவரை படித்துவிடுவான். படித்தான். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் ஓர் அட்டவணை இருந்தது. பதினொன்றிலிருந்து பதினைந்து கிலோ வரை, வயது இரண்டு மூன்று என்றால் ஐந்து மில்லி. பதினாறிலிருந்து இருபத்தொரு கிலோ வரை, வயது நான்கு ஐந்து என்றால் ஏழரை மில்லி. அதற்கும் கீழே தடித்த எழுத்தில்: எடை தெரிந்தால் எடைப்படி கொடுக்கவும், தெரியாவிட்டால் மட்டும் வயதுப்படி.

எடைமேடைக்காரனின் முகம் மலர்ந்தது. மருந்துக் கம்பெனிக்காரன் அறிவாளி என்று நினைத்தான். வயதை வைத்து என்ன தெரியும்? பத்து வருடத்து லாரி என்றால் பத்து டன்னா? எடைதான் பேசும். இவள் பாட்டுக்கு ஐந்து ஐந்து என்கிறாளே, குழந்தையை எடை போட்டாளா?

கீழ்த்தளத்தில் ஒரு பார்சல் அலுவலகம் இருந்தது. அங்கே மூட்டைகள் வைக்கிற மேடைத் தராசு நூறு கிராம் வரை துல்லியமாகக் காட்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும், போகும்போது வரும்போது அதைப் பொறாமையோடு பார்த்திருக்கிறான். பட்டாணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

தராசில் இறக்கி விட்டதும் அவள் வீறிட்டு அழுதாள். இரும்பு சில்லென்று இருந்ததோ, பார்சல்காரர் ஒட்டுத்தாளைக் கிழித்த சத்தம் பயமுறுத்தியதோ, அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"பார்சல் பிரியாது போலிருக்கே" என்றார் பார்சல்காரர்.

"பிரிய வேணாம். வண்டியோட சேத்தே எடை போடுவோம்" என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு தானும் ஏறினான். எண்பத்து நாலு புள்ளி ஒன்று. மொத்த எடை. இனிக் காலி எடை.

அவனுடைய காலி எடை அறுபத்தைந்து. அதிலென்ன சந்தேகம்? வேலையில் சேர்ந்தபோது மருத்துவச் சான்றிதழில் எழுதியிருந்தது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வான், யாரும் கேட்காவிட்டாலும் சொல்வான். எண்பத்து நாலு புள்ளி ஒன்றிலிருந்து அறுபத்தைந்து போனால் பத்தொன்பது புள்ளி ஒன்று.

"பத்தொம்பது கிலோ!" என்றான்.

"இதுவா?" என்றார் பார்சல்காரர்.

"எலும்பு கனம். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவனுக்கு மாடி ஏறும்போதே மகள் தங்கக் கட்டி மாதிரி கனத்தாள். மூச்சும் வாங்கியது. அதற்கும் மகளின் எடைதான் காரணம் என்று எடுத்துக்கொண்டான்.

அட்டவணைப்படி ஏழரை. சிரிஞ்சை மருந்துக்குள் விட்டு இழுத்தான். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். ஒரு காற்றுக்குமிழி இருந்தது, அதைத் தட்டி வெளியேற்றினான். ஏழரைக் கோட்டில் ஒரு முடி அளவு கூட முன்பின் இல்லாமல் நிறுத்தினான். மனிதன் தப்பு செய்வதிலும் இத்தனை துல்லியம் காட்டமுடியும் என்பதற்கு அந்தக் காலைப்பொழுதே சாட்சி. கன்னத்தின் உள்பக்கமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினான். பட்டாணி சப்புக்கொட்டினாள். மணி ஒன்பதே முக்கால்.

சாயங்காலம் மனைவி வந்ததும் சொல்லவேண்டிய வசனத்தையும் அப்போதே தயாரித்துக்கொண்டான். 'ஏம்மா, கோவிச்சுக்காத. இத்தனை நாளா நீ பிள்ளைக்குக் கம்மியாவே மருந்து குடுத்துட்டு இருந்திருக்க. போகட்டும், உனக்கு யார் சொல்லித் தர்றது?' இதை எந்தக் குரலில் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லியும் பார்த்தான்.

பதினொன்றரைக்கு அவன் அக்கா வந்தாள். அடுத்த தெருவில் சலவைக் கடை வைத்திருப்பவள். தம்பி வீட்டில் தம்பி தனியாக இருக்கிறான் என்றால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"மூக்கு ஒழுகுதேடா, பாக்கலியா?" என்றாள் வாசலிலேயே.

"காய்ச்சல்னா ஒழுகும்க்கா. மருந்து குடுத்தாச்சு. எடை போட்டுக் குடுத்திருக்கேன்."

"எடை போட்டா? பிள்ளைய வித்துட்டு வர்றதுக்கா?"

பட்டாணி நனைத்துவைத்த துணிகளை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தான். அதற்குள் அக்கா கிளம்பத் தயாராக நின்றாள். அலமாரியின் மேல் ஒரு சிவப்புப் புட்டி புதிதாக உட்கார்ந்திருந்தது. கடையில் இஸ்திரிப் பெட்டி சூடாகி இருக்கும், ஓடுகிறேன் என்று ஓடினாள். அவனும் அது என்ன என்று கேட்கவில்லை. பட்டாணி உறங்கிப்போனாள்.

ஒன்றே முக்காலுக்கு எழுந்தாள். மறுபடி சூடு, மறுபடி சிணுங்கல். சரியாக நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அவன் ஏழரை இழுத்து, குமிழி தட்டி, குழந்தையின் வாயருகே கொண்டுபோன நேரத்தில் போன் அடித்தது.

"சளி நின்னுச்சாடா?" என்றாள் அக்கா.

"எங்க நிக்கிது? ஏன்?"

"நீ துணி காயப்போடப் போனப்ப நான் கொண்டாந்த சளி மருந்து ரெண்டு ஸ்பூன் குடுத்தேன். என் பிள்ளைங்களுக்கு அதுதான் கேட்டுச்சு."

"எந்த ஸ்பூன்?"

"உங்க வீட்ல ஸ்பூனா இருக்கு? கொழம்பு ஊத்துற கரண்டிய விடச் சின்னது ஒண்ணு கெடந்துச்சு, அதுல."

அவன் சிவப்புப் புட்டியைக் கையில் எடுத்தான். பின்பக்கம் எறும்பு எழுத்து. கடைசி எழுத்துவரை படிக்கிற குணம் இங்கேதான் உதவியது. சளிக்கு, தும்மலுக்கு, மூக்கடைப்புக்கு என்று வரிசையாக இருந்த பெயர்களுக்கு நடுவில், கூட்டத்தில் தெரிந்த முகம் மாதிரி, பாராசிட்டமால் என்று இருந்தது.

எடைமேடையில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. ஒரே சரக்கை ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு சீட்டு வாங்கிப்போவார்கள். வண்டிக்குத் தார்ப்பாயை மாற்றிப் போட்டு, வேறு சரக்கு என்பார்கள். அவன் அதில் ஒரு தடவை கூட ஏமாந்ததில்லை. இங்கே சரக்கு ஒன்று, புட்டி இரண்டு. தார்ப்பாய் மட்டும்தான் சிவப்பு.

சிரிஞ்சைத் தட்டில் வைத்தான். குழந்தையை ஒரு கையிலும் இரண்டு புட்டிகளை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, கதவைப் பூட்டாமலே ஓடினான். சிரிஞ்சை எடுக்காமல் வந்துவிட்டதைத் தெருமுனையில் நினைத்துத் திரும்பி ஓடி எடுத்தான். மருந்துக்கடைக்குப் போய் நின்றபோது அவனுக்குத்தான் மருந்து தேவைப்படும் போலிருந்தது.

மருந்துக்கடைக்காரம்மா மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருப்பவர். அதற்கு மேலாகப் பார்த்தே பாதி வியாதியைச் சரி பண்ணிவிடுவார் என்று பேச்சு. அவன் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டார்.

"பதறாம சொல்லுங்க. என்ன வயசு?"

"ரெண்டரை."

"எடை?"

இந்தக் கலவரத்திலும் அவன் மார்பு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. "பத்தொம்பது கிலோ நூறு கிராம்."

கண்ணாடிக்கு மேலாகக் கண்கள் பட்டாணியைப் பார்த்தன. அப்புறம் அவனைப் பார்த்தன.

"இந்தப் பொண்ணா? ஏன், அம்மிக்கல்லு எதையாவது முழுங்கிடுச்சா?"

"நானே எடை போட்டேம்மா. எனக்குத் தொழிலே அதுதான்."

அவர் எழுந்து வந்து, ஒரு பொம்மை முயலைக் குழந்தையின் கையில் கொடுத்து, குழந்தைகளுக்கான தராசில் நைசாக உட்கார வைத்தார். பட்டாணி முயலின் காதைக் கடித்துக்கொண்டு சமத்தாக உட்கார்ந்தாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"இந்தத் தராசு தப்பு" என்றான் உடனே. "அரசாங்க முத்திரை எப்பப் போட்டது?"

மருந்துக்கடைக்காரம்மா தராசைத் திருப்பிக் காட்டினார். முத்திரை போன மாதத்து முத்திரை. எடைமேடைக்காரன் அதைத் தடவிப் பார்த்தான், நகத்தால் சுரண்டியும் பார்த்தான். அசல்.

"நீங்க எப்படி எடை போட்டீங்க?"

"தூக்கிட்டு ஏறினேன். மொத்தம் எண்பத்து நாலு. அதுல என் காலி எடை அறுபத்தஞ்சு போக..."

"உங்க காலி எடை எப்ப எடுத்தது?"

அவன் கை தானாகப் பெல்ட்டின் புது ஓட்டைக்குப் போனது.

"ஏறுங்க" என்று பெரியவர்களுக்கான தராசைக் காட்டினார் அவர்.

ஏறினான். எழுபத்திரண்டு.

"செருப்பு போட்டிருக்கேன்" என்றான் மெல்ல.

"ஏழு கிலோ செருப்பா?"

கடையில் மருந்து வாங்க நின்றிருந்த இருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கியதை அவன் பார்த்தான். வேறொரு நாளாக இருந்தால் உயிர் போயிருக்கும். இன்று அதற்கெல்லாம் நேரமில்லை. கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தான். ஏழரைக் கோட்டில் மருந்து நின்றது. ஏழு வருடமாகச் சாப்பிட்ட சாப்பாட்டையெல்லாம் குழந்தையின் கணக்கில் எழுதி, அதற்கும் சேர்த்து மருந்து ஊற்றியிருக்கிறான். ஊரான் லாரிக்கெல்லாம் பழைய சீட்டு செல்லாது என்று விரட்டியவன். "அம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டபோது அழுதுவிட்டான்.

"மொதல்ல கணக்குப் போடுவோம். அழுதா எனக்கு எழுத வராது" என்றார் அவர். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார்.

அஞ்சரைக்கு ஐந்து. ஒன்பதே முக்காலுக்கு ஏழரை. பதினொன்றரை வாக்கில் சிவப்புப் புட்டியில் இரண்டு ஸ்பூன். ஸ்பூனின் கொள்ளளவு ஆண்டவனுக்கே வெளிச்சம் என்பதால் கூடுதலாகவே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு புட்டியிலும் மில்லிக்கு எவ்வளவு மருந்து என்பதைப் படித்துப் பெருக்கி, கூட்டி, பன்னிரண்டு கிலோவால் வகுத்தார். அப்புறம் குழந்தை மருத்துவருக்குப் போன் போட்டு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டார். அந்த ஒவ்வொரு 'ம்'முக்கும் அவன் உயிர் போய் வந்தது.

"இதுவரைக்கும் உள்ளதை உடம்பு தாங்கும்னு சொல்றாங்க" என்றார் போனை வைத்துவிட்டு. "கையில வச்சிருக்கீங்களே, அதையும் குடுத்து, சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, நாளைக்கும் இதே கணக்குன்னு போயிருந்தீங்கன்னா ஈரல் தாங்கியிருக்காது. நல்லவேளை, ஏழரையக் கூட்டறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க."

அவன் சிரிஞ்சை அவரிடமே கொடுத்துவிட்டான்.

"ராத்திரி எட்டு மணி வரைக்கும் பாராசிட்டமால் எந்த ரூபத்துலயும் கெடையாது. அப்புறமும் தேவைப்பட்டா அஞ்சு மில்லி. சிவப்புப் புட்டிய உங்க அக்காகிட்டயே குடுத்துடுங்க, இந்த வயசுக்கு அது வேணவே வேணாம். தண்ணி, பால் எதையாவது அடிக்கடி குடுங்க. மெல்லிசா சட்டை போடுங்க. வாந்தி எடுத்தாலோ, சோந்துபோய் எழுப்பியும் எழுந்திரிக்கலேன்னாலோ யோசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. எட்டு மணிக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

"சரிம்மா."

"காய்ச்சலைக் கண்டு பயப்படாதீங்க. பிள்ளை சிரிச்சு வெளையாடுதான்னு பாருங்க. தெர்மாமீட்டருக்கு மருந்து குடுக்கறதில்ல நாம."

வீட்டுக்கு வந்த பிறகு அவன் மகளை விட்டு நகரவே இல்லை. அரை மணிக்கு ஒருதரம் தண்ணீர் கொடுத்தான். பட்டாணி மருந்துக்கடை முயலைத் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டிருந்தாள். அதற்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தான். மூன்றரைக்கு அவள் கண்ணயர்ந்தபோது, இது தூக்கமா சோர்வா என்று தெரியாமல் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. மெல்லக் கூப்பிட்டான். ஒரு கண்ணைத் திறந்து, "ச்சும்மா இரு" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

நாலரைக்கு அக்கா வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்துப்போனது. குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிவப்புப் புட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், இத உன் பொண்டாட்டிகிட்ட சொல்லாத."

"ஏன்க்கா?"

"சொன்னா ரூட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துடுவா. ஆறு வருசமாக் காத்திருந்த ரூட்டுடா. பிள்ளைதான் நல்லாயிருக்கே. 'நீ சொன்ன மாதிரியே அஞ்சு மில்லி குடுத்தேன்'னு சொல்லிடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அக்கா போன பிறகு அவன் அதைப் பற்றி யோசித்தான். அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதலில் பட்டது. அவனுக்காக இல்லை, மனைவிக்காகத்தானே ஒரு பொய்? தொலைதூர வண்டிக்கான ஆணை வந்த அன்று அவள் தாளை நாலு தடவை படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடியதைச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்தவன் அவன். அதை அவள் கையிலிருந்து பிடுங்கவேண்டுமா?

ஆனால் இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கப்போவது யார்? அவளும்தான். அவள் கையில் பொய்க் கணக்கைக் கொடுத்தால், அவள் அதை நம்பி ஆறு மணிக்கே ஒரு வேளை கொடுப்பாள். பழைய சீட்டை நீட்டுகிற லாரிக்காரனுக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

பட்டாணி கிறுக்குவதற்காக எடைமேடையிலிருந்து கொண்டுவந்த பழைய சீட்டுப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒவ்வொரு தாளுக்கும் கீழே நகல் தாள் வைத்தது. அதில் கிறுக்காத ஒரு தாளைத் தேடிப் பிடித்து, அச்சடித்த வரிகளுக்கு எதிரே தன் அழகான கையெழுத்தில் நிரப்பினான்.

வண்டி எண்: பட்டாணி. மொத்த எடை: 84.1. காலி எடை என்ற இடத்தில் 65 என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 72 என்று எழுதினான். சரக்கு எடை: 12.1. சரக்கு விவரம் என்ற இடத்தில்: 'காலை 5.30, ஐந்து மில்லி, நீ. காலை 9.45, ஏழரை மில்லி, நான், தவறு. காலை 11.30, சிவப்புச் சளி மருந்து இரண்டு கரண்டி, அக்கா, அதிலும் அதே மருந்து. மதியம் 1.45, ஏழரை, கொடுக்கவில்லை. மருத்துவரைக் கேட்டாயிற்று. இரவு எட்டு வரை எதுவும் கூடாது.' அடியில், எடை போட்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஐந்தேகாலுக்கு அவள் வந்தாள். பையை இறக்காமலேயே குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பட்டாணி முயலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அப்புறம்தான் அவள் அவனைப் பார்த்தாள். அவன் சீட்டுப் புத்தகத்தை நீட்டினான். தயாரித்து வைத்திருந்த வசனம் எதுவும் அவன் வாய்க்கு வரவில்லை.

அவள் நின்றபடியே படித்தாள். ஏழரை என்ற இடத்தில் முகம் கறுத்தது. இரண்டு கரண்டி என்ற இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"டாக்டர் என்னதான் சொன்னாங்க?" என்றாள்.

"இதுவரைக்கும் உள்ளதை உடம்பு தாங்கும்னாங்க."

"ஒரு போன் அடிச்சு 'பிள்ளை என்ன எடை'ன்னு டெப்போவுல சொல்லிவிட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா? போன மாசம் தடுப்பூசி போட்டப்ப பன்னெண்டுன்னு எழுதி அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கேன்!"

அவன் திரும்பிப் பார்த்தான். ஒட்டியிருந்தது. அச்சடித்த தாளாக இல்லாமல் மனைவி கையெழுத்தாக இருந்ததால், கடைசி எழுத்துவரை படிக்கிறவன் அதை மட்டும் படிக்கவில்லை.

"திட்டு" என்றான். "ரூட்டு வேணாம்னு எழுதிக் குடுக்கணும்னா குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு போட்டு அடித்த அறுபத்தைந்திலும் பக்கத்திலிருந்த எழுபத்திரண்டிலும் அவள் பார்வை நின்றது. உதட்டோரம் ஏதோ துடித்தது.

"எழுபத்திரெண்டுதானா? நான் எழுபத்தஞ்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பட்டாணி முயலின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். மனைவி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"இந்த இடத்துல யார் கையெழுத்துப் போடணும்?" என்று சீட்டின் அடியில் காலியாக இருந்த இன்னோர் இடத்தைக் காட்டினாள். அச்சடித்திருந்தது என்ன என்று அவளுக்கே தெரியும்.

"ஓட்டுநர்" என்றான் அவன். "எடையை ஒத்துக்கிட்டா மட்டும். ஒத்துக்கலேன்னா போட வேணாம்."

அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். துளை வரிசையை ஒட்டிச் சீட்டைக் கிழித்து, நகலை அவனிடம் கொடுத்துவிட்டு, அசலை நாலாக மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டாள். எடையை ஒப்புக்கொண்டு வண்டியை எடுக்கப்போகிற ஓட்டுநர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"திங்கக்கெழம எனக்கு அஞ்சு மணி வண்டி" என்றாள். "நாலு மணிக்கு அலாரம் வைங்க."